7. கேக்குக்கு அடியில் பீர் இருக்கிறதா?

கேனின் மேல் ஒரு சாக்லேட் கேக்கின் படம். பக்கத்தில் வனிலாக் காய், தேங்காய்த் துருவல், உருகி வழியும் கேரமல். கீழே சின்ன எழுத்தில் 12% ஆல்கஹால். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கிராஃப்ட் பீர்க் கடைகளில் ஒரு தனி அலமாரியே பிடித்துக்கொண்டிருக்கும் இந்த வகைக்கு பேஸ்ட்ரி ஸ்டவுட் என்று பெயர். கனமான கறுப்பு பீரில் ஏதாவது ஒரு இனிப்புப் பண்டத்தின் ருசியை வரவழைக்க வனிலா, கோகோ, காபி, பட்டை, பால் சர்க்கரை, மேப்பிள் பாகு என்று எதையாவது சேர்த்திருப்பார்கள்.

இதைக் குடிக்கிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, “கேக் மாதிரியே இருக்கிறதா?” என்பது. அந்தக் கேள்வியால் பயனில்லை. கேக் என்று படித்த கணமே நாக்கு கேக்கைத் தேடத் தொடங்கிவிடும், தேடியது கிடைத்தும்விடும். கேட்க வேண்டியது வேறு: சேர்த்த மணங்களையும் சர்க்கரையையும் கழித்துவிட்டால், குடிக்கத்தக்க ஒரு ஸ்டவுட் மிஞ்சுகிறதா? இந்த அத்தியாயத்தில் வரும் சோதனைகள் எல்லாம் அந்தக் கழித்தலைச் செய்து பார்ப்பதற்கான வழிகள்.

இனிப்பு வந்த வழி

ஸ்டவுட்டின் முதுகெலும்பு கருக வறுத்த தானியம். 1817-இல் டேனியல் வீலர் என்பவர் லண்டனில் உருளையில் மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தை, வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதன்பிறகு கொஞ்சம் கறுப்பு மால்ட் சேர்த்தாலே பீருக்கு நிறமும் கருகலும் கிடைத்துவிட்டன. காபி, கசப்புச் சாக்லேட், கரி என்று இன்று ஸ்டவுட்டில் நாம் சொல்லும் மணங்கள் பெரும்பாலும் இந்த வறுவலிலிருந்து வருபவை. காபியே சேர்க்காத ஸ்டவுட்டிலும் காபி வாசம் அடிக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

பால் சர்க்கரை, அதாவது லாக்டோஸ், இங்கிலாந்தின் கொடை. கென்ட் பகுதியில் ஹைத் என்ற ஊரின் மேக்கசன் ஆலை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மில்க் ஸ்டவுட்டைப் பிரபலமாக்கியது. சத்துப் பானம் என்று விளம்பரம் செய்து விற்றார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, பால் என்ற சொல்லை லேபிளிலிருந்து எடுக்கும்படி அரசு சொல்லிவிட்டது. பீர் ஈஸ்ட்டால் லாக்டோஸை உண்ண முடியாது. மற்ற சர்க்கரைகள் ஆல்கஹாலாக மாறிய பிறகும் இது அப்படியே தங்கிவிடும். ஆனால் இதன் இனிப்பு நம் வீட்டுச் சர்க்கரையில் ஐந்தில் ஒரு பங்குதான். அது தருவது வாய்க்குள் ஒரு வழவழப்பு. “லாக்டோஸ் போட்டுவிட்டார்கள், அதனால்தான் இத்தனை தித்திப்பு” என்று பீர் தெரிந்தவர்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பழி பெரும்பாலும் தவறான இடத்தில் விழுகிறது.

உண்மையான தித்திப்பு, ஈஸ்ட் தின்னாமல் விட்டுவைத்த மால்ட் சர்க்கரையில் இருக்கிறது. பீர் செய்பவர்கள் இதை அடர்த்தியால் அளக்கிறார்கள். தண்ணீரின் அடர்த்தி 1.000 என்றால், உலர்ந்த ஐரிஷ் ஸ்டவுட் நொதித்து முடியும்போது 1.010-ஐ ஒட்டி நிற்கும். பேஸ்ட்ரி ஸ்டவுட் 1.040-இலும் அதற்கு மேலும் நிற்கும். மால்ட்டை ஊறவைக்கும் நீரின் சூட்டைக் கூட்டி, சாற்றை மணிக்கணக்கில் கொதிக்கவைத்துச் சுண்டவைத்து, வேண்டுமென்றே இப்படிச் செய்கிறார்கள். ஊற்றும்போது எஞ்சின் ஆயில் போல இறங்குவதன் காரணம் இதுதான்.

பெயர் வருவதற்கு முன்பே பண்டம் வந்துவிட்டது. நியூயார்க் மாநிலத்து லேக்வுட்டில் உள்ள சதர்ன் டியர் ஆலை கிரீம் ப்ரூலே என்ற பெயரிலேயே வனிலாவும் லாக்டோஸும் சேர்த்த ஸ்டவுட்டை விற்றது. ஃபுளோரிடாவின் டாம்பா நகரத்து சிகார் சிட்டி ஆலை, மாயன் தொன்மத்துப் பாத்திரமான ஹுனாபூவின் பெயரில் கோகோ, மடகாஸ்கர் வனிலா, பட்டை, ஆஞ்சோ, பசில்லா என்ற இரண்டு மெக்சிகோ மிளகாய்கள் சேர்த்த ஒன்றைச் செய்தது. அது வெளியாகும் நாள் பிற்பாடு ஒரு திருவிழாவாகவே ஆகிவிட்டது. அதே டாம்பாவில் ஆங்ரி சேர் என்ற ஆலை ஜெர்மன் சாக்லேட் கப்கேக்கைக் கறுப்பு பீராக்கியது. 2014-இல் இங்கிலாந்தின் பக்ஸ்டனும் ஸ்வீடனின் ஆம்னிபோலோவும் சேர்ந்து ‘யெல்லோ பெல்லி’ என்ற பீனட் பட்டர் பிஸ்கட் ஸ்டவுட்டைக் கொண்டுவந்தன. அதில் பிஸ்கட்டும் கிடையாது, வெண்ணெயும் கிடையாது, கடலையும் கிடையாது. லேபிள் நாக்கை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

திறப்பதற்கு முன்

முதலில் கணக்கு. அமெரிக்கக் கேன் பல 473 மில்லி. 12% என்றால் உள்ளே கிட்டத்தட்ட 57 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 5% பீர் 355 மில்லி கேனில் இருப்பது 18 மில்லிக்குச் சற்றுக் குறைவு. ஆக, ஒரு கேன் மூன்று பீருக்கு மேல். இனிப்பு அந்த ஆல்கஹாலை மறைத்துவிடும் என்பதால் ஏறுவது தெரியாது, எழுந்து நிற்கும்போதுதான் தெரியும். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு கேனைப் பகிருங்கள். ஆளுக்கு 100 மில்லி சுவைத்துப் பார்க்கத் தாராளம். டென்வரில் நடக்கும் கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவலில் ஒரு தடவைக்கு ஊற்றுவதே ஒரு அவுன்ஸ், ஏறக்குறைய 30 மில்லிதான். சுவைத்த பிறகு வண்டி ஓட்டுவது பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் லேபிளில் லாக்டோஸ் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கடலை, பாதாம், பீக்கன் ஒவ்வாமை உள்ளவர்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். சில ஆலைகள் மணச்சாறு மட்டும் சேர்க்கும், சில நிஜமான பருப்பையே கொட்டும். படத்தைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

அடுத்தது தேதி. கேனின் அடியில் அச்சிட்டிருக்கும். இம்பீரியல் ஸ்டவுட் எனப்படும் வலுவான ஸ்டவுட் என்றால் வருடக்கணக்கில் வைத்துக் குடிக்கலாம் என்ற பழைய அறிவுரை இங்கே செல்லாது. மால்ட்டின் மணமும் பீப்பாயில் ஊறிய மணமும் தாங்கும், மேலே தூவிய மணங்கள் தாங்காது. தேங்காய் சீக்கிரம் போய்விடும். காபி சில மாதங்களில் பச்சைக் குடைமிளகாய் வாடைக்கு மாறும். வாங்கிய வாரத்தில் குடித்துவிடுவது நல்லது.

பிறகு குளிர். தமிழ்நாட்டில் பீர் என்றாலே ஐஸ் போலச் சில்லென்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைக்காரரிடம் சண்டை. வெயிலுக்கு லேகர் குடிப்பவருக்கு அது நியாயம். இங்கே அந்தப் பழக்கத்தை ஒதுக்கி வையுங்கள். குளிரில் மணம் எழும்பாது, இனிப்பும் அமுங்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிடம் போல வெளியே வைத்தால் 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரும். சென்னை மேசையில் அதில் பாதி நேரம் போதும். ஒரு கள்ளத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன்: மோசமான பேஸ்ட்ரி ஸ்டவுட்டைக் குடித்தே தீர வேண்டும் என்றால் குளிரக் குளிரக் குடியுங்கள், குறை தெரியாது. நல்லதா கெட்டதா என்று அறிய வேண்டுமானால் அறை வெப்பத்துக்குப் பக்கத்தில் வரும்வரை காத்திருங்கள்.

ஊற்றுதலும் பார்த்தலும்

வாய் குறுகி வயிறு அகன்ற கிளாஸ் வேண்டும். பிராந்தி கிளாஸ், ஒயின் கிளாஸ் எதுவும் சரி. சாய்த்து மெதுவாக ஊற்றுங்கள். நைட்ரஜன் ஏற்றிய ஸ்டவுட் மட்டும் விதிவிலக்கு, அதை நேராகக் கவிழ்த்து வேகமாக ஊற்ற வேண்டும். அப்போதுதான் குமிழ்கள் கீழே பாய்ந்து நுரை கட்டும்.

நுரை பழுப்பாக, சட்டென்று அடங்குவதாக இருக்கும். தேங்காயும் கோகோவும் எண்ணெய்ப் பொருள்கள், எண்ணெய் நுரையைக் கொல்லும். இதற்காக மதிப்பெண் குறைக்காதீர்கள். பீர் போட்டி நடுவர்களுக்கான அமைப்பான பிஜேசிபியின் 50 மதிப்பெண் தாளில் தோற்றத்துக்கு வெறும் 3 தான். மணத்துக்கு 12, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. நீங்களும் அந்த விகிதத்தில்தான் நேரத்தைச் செலவிட வேண்டும்.

மூக்கைப் பொத்தும் சோதனை

சுவைக்கிறவர்களில் ஒருவர் மட்டும் கேனை அறிந்திருக்கட்டும், மற்றவர்களுக்குப் பெயர் சொல்லாமல் ஊற்றட்டும். கிளாஸின் வாயைக் கையால் மூடிச் சுழற்றி, கையை எடுத்துச் சின்னச் சின்னதாக இரண்டு மூன்று முறை முகருங்கள். நீளமாக இழுத்தால் மூக்கு மரத்துவிடும். தோன்றிய முதல் சொல்லை எழுதிவிடுங்கள். “சாக்லேட்” என்று எழுதினால் போதாது. கோகோத் தூளா, பால் சாக்லேட்டா, கருகிய கேக்கின் ஓரமா?

இப்போது மூக்கை விரலால் பொத்திக்கொண்டு ஒரு மிடறு எடுத்து வாய் முழுக்கப் பரப்புங்கள். நாக்குக்கு மட்டும் எட்டுவது தெரியும்: இனிப்பு, கசப்பு, லேசான புளிப்பு, துவர்ப்பு, ஆல்கஹாலின் சூடு. விழுங்கிவிட்டு மூக்கை விடுங்கள். வனிலாவும் பட்டையும் தேங்காயும் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறி ஒரேயடியாக வந்து சேரும்.

இந்த எளிய சோதனையில்தான் விஷயமே இருக்கிறது. வனிலாவில் இனிப்புக் கிடையாது. சந்தேகம் இருந்தால் எசன்ஸ் ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பாருங்கள், கசக்கும். பாயசம், கேக், ஐஸ்கிரீம் என்று இனிப்போடு மட்டுமே அதைப் பார்த்துப் பழகியதால் மணம் வந்தவுடன் மூளை இனிப்பையும் கூட்டிவிடுகிறது. மூக்கைப் பொத்தியபோது மிதமாக இருந்து, திறந்ததும் இனிப்பு இரட்டித்தால், அந்த ஆலைக்காரர் சர்க்கரையைக் குறைத்து மணத்தால் வேலை வாங்கியிருக்கிறார். கைத்திறன் உள்ள ஆள். பொத்தியபோதே பாகு போல ஒட்டி, கசப்பு எங்கேயும் தட்டுப்படாவிட்டால், டிகாஷன் இல்லாமல் பாலும் சர்க்கரையும் கலந்து காபி என்று கொடுத்த கதைதான்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் கொலராடோவின் லெஃப்ட் ஹேண்ட் ஆலையின் மில்க் ஸ்டவுட், 6%. லாக்டோஸ் தனியாக என்ன செய்கிறது என்று அது காட்டும். இரண்டாவது, எதுவும் சேர்க்காத வலுவான ஸ்டவுட் ஒன்று. இலங்கையின் லயன் ஸ்டவுட் இதற்கு மிகப் பொருத்தம். 8.8% ஆல்கஹால், கோகோ சேர்க்காமலே கசப்புச் சாக்லேட் மணம், விலையும் எட்டாதது இல்லை. நுவரெலியா மலையில் 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பீர் மரபின் வாரிசு அது. மூன்றாவதாகப் பேஸ்ட்ரி ஸ்டவுட். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் முதல் இரண்டும் தண்ணீராகத் தெரியும். இடையிடையே வெந்நீரோ சாதாரணத் தண்ணீரோ, உப்பில்லாத ரொட்டித் துண்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எது எதனால்

பேஸ்ட்ரி ஸ்டவுட்டில் வரும் மணங்களில் சிலவற்றைத் தமிழ் மூக்கு அமெரிக்க மூக்கைவிடச் சுலபமாகப் பிடிக்கும். மேப்பிள் அப்படி ஒன்று. மேப்பிள் பாகின் மணத்தை நினைவூட்டும் சோட்டலான் என்ற வேதிப்பொருள் வெந்தயத்தில் தாராளமாக இருக்கிறது. செயற்கை மேப்பிள் மணச்சாறுக்கும் வெந்தயம் பயன்படுகிறது. 2005 முதல் நியூயார்க் நகரத்தில் அவ்வப்போது இனிப்புப் பாகு வாசம் வீசி மக்களைக் குழப்பியது. 2009-இல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: ஆற்றுக்கு அக்கரையில் நியூ ஜெர்சியில் ஒரு மணப்பொருள் ஆலை வெந்தயத்தைப் பதப்படுத்திக்கொண்டிருந்தது. மேப்பிள் ஸ்டவுட் உங்களுக்கு வெந்தயக் களியையோ வறுத்த வெந்தயத்தையோ நினைவூட்டினால் கூச்சப்படாமல் அப்படியே எழுதுங்கள். சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள்.

பட்டையிலும் இதே வசதி உண்டு. அமெரிக்காவில் விற்பது பெரும்பாலும் தடித்த காசியா வகை, நம் பிரியாணிப் பட்டையின் உறவு. அதன் காரம் நுனிநாக்கைக் கடிக்கும். இலங்கைச் சுருள் கறுவா மென்மையானது, மலர் வாசம் கலந்தது. சினமன் ரோல் ஸ்டவுட் என்று வருபவற்றில் நாக்கைக் கடிக்கும் காரம்தான் அதிகம் எதிர்ப்படும்.

தேங்காயை வறுத்துச் சேர்த்தால் பர்ஃபி வாசம். அளவு தப்பினால் வெயிலுக்குப் பூசும் லோஷன். கோகோவைப் பொடித்துச் சேர்த்தது நல்ல துவர்ப்புக் கொடுக்கும், அது இனிப்பை வெட்டும். போர்பன் விஸ்கி பீப்பாயில் ஊறியதென்றால் வனிலாவும் தேங்காயும் ஓக் மரத்திலிருந்தே வந்திருக்கலாம். தீயில் கருக்கிய ஓக், வனிலின் என்ற அதே மணப்பொருளைத் தரும். லேபிளில் வனிலா இல்லாமல் வனிலா மணம் வந்தால் பீப்பாயைத் தேடுங்கள்.

இனிப்புக்குள் ஒளியும் குறைகள் சில உண்டு. வெண்ணெய்ப் பாப்கார்ன் வாசம் டையசெட்டில் என்ற நொதித்தல் கோளாறு. பட்டர்ஸ்காட்ச் ஸ்டவுட் என்று பெயர் வைத்துவிட்டால் அது கோளாறா திட்டமா என்று யாரால் சொல்ல முடியும்? சோயா சாஸ் நெடி வந்தால் ஈஸ்ட் செத்து அழுகியிருக்கிறது. நனைந்த அட்டைப்பெட்டி வாடை, காற்றுப் பட்டதன் அடையாளம். சேர்க்காத புளிப்பு இருந்தால் கிருமி. கேன் உப்பியிருந்தால் திறக்கவே வேண்டாம். உள்ளே மிஞ்சிய சர்க்கரை மறுபடி நொதித்துக்கொண்டிருக்கலாம்.

சிறுகுறிஞ்சான் சோதனை

இது எந்தப் பீர்ப் பயிற்சிப் பாடத்திலும் நான் பார்க்காதது. விரும்பினால் மட்டும் செய்து பாருங்கள். சர்க்கரைக்கொல்லி என்று நாட்டு மருந்துக் கடையில் விற்கும் சிறுகுறிஞ்சான் இலையில் உள்ள ஜிம்னெமிக் அமிலங்கள், நாக்கின் இனிப்பு உணர்விகளைக் கொஞ்ச நேரத்துக்கு அடைத்துவிடும். இலையை நன்றாக மென்று, ஒரு நிமிடம் வாயில் வைத்திருந்து, துப்பிவிட்டுக் கொப்பளியுங்கள். ஒரு சிட்டிகைச் சர்க்கரையை நாக்கில் போட்டால் மணல் போலத் தோன்றும். அரை மணி நேரம் போல இந்த நிலை நீடிக்கும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.

அந்த நாக்கோடு பேஸ்ட்ரி ஸ்டவுட்டை எடுங்கள். வனிலா, பட்டை மணமெல்லாம் இருக்கும், தித்திப்பு மட்டும் காணாமல் போயிருக்கும். இப்போது கிளாஸில் இருப்பது அடித்தள பீர். வறுவலின் கசப்பு, கோகோவின் துவர்ப்பு, ஆல்கஹாலின் சூடு இவை ஒன்றோடொன்று பொருந்தி நின்றால் அதைச் செய்தவருக்கு ஸ்டவுட் செய்யத் தெரியும். வெறும் ஆல்கஹால் எரிச்சலும் கொழகொழப்பும் மட்டும் மிஞ்சினால் சர்க்கரையால் பூசி மெழுகியிருக்கிறார். மற்றவர்கள் புகழ்ந்து தள்ளிய சில கேன்கள் இந்தச் சோதனையில் பல்லிளித்துவிடுகின்றன. பெயர் சொல்லாமல் விடுகிறேன்.

சைட் டிஷ்

இனிப்போடு இனிப்பு வேண்டாம். கேக் ஸ்டவுட்டுக்குக் கேக்கைத் துணையாக வைப்பது இரண்டையும் திகட்டவைக்கும். உப்பும் கொழுப்பும் உள்ளவை பொருந்தும்: இங்கிலாந்துக்காரர்கள் வைக்கும் ஸ்டில்டன் போன்ற நீலப் பூஞ்சைச் சீஸ், உப்பு முந்திரி, வேர்க்கடலை. மிளகாய் போட்ட மிக்சரும் சிக்கன் 65-உம் இதற்குச் சரிப்படாது. காரத்தை உணரும் அதே நரம்பு வாயில்களை ஆல்கஹாலும் தூண்டும். 5% பீரில் அது தெரியாது, 12%-இல் வாய் எரியும்.

மதிப்பெண் எப்போது போடுவது

முதல் மிடறில் எல்லாப் பேஸ்ட்ரி ஸ்டவுட்டும் அற்புதம்தான். அதற்காகவே செய்யப்பட்டவை அவை. திருவிழாவில் 30 மில்லி வாங்கிக் குடித்து மதிப்பிடுகிறவர்களால்தான் இந்த வகை இவ்வளவு இனிப்பாகிப்போனது என்பது என் சந்தேகம். அரை மிடறில் கவரும் பண்டமும் அரை கிளாஸ் தாங்கும் பண்டமும் வேறு வேறு. எனவே முதல் மிடறில் குறிப்பு மட்டும் எழுதுங்கள், எண் போடாதீர்கள். கிளாஸ் சூடேறி, குமிழ் அடங்கி, 100 மில்லியில் கடைசி 20 மில்லி மிஞ்சும்போது மறுபடி எடுங்கள். இன்னும் கொஞ்சம் ஊற்றலாமா என்று கை போகிறதா, திகட்டிப் போய்த் தண்ணீரைத் தேடுகிறதா? பிஜேசிபி தாளின் அந்த மொத்த அபிப்பிராயப் பத்தை நான் இந்தக் கணத்தில்தான் நிரப்புகிறேன்.

மிஞ்சியதைக் கொட்டிவிடாதீர்கள். இதில் வாயு ஏற்கெனவே குறைவு என்பதால், சின்ன பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை பெரிதாகக் கெடாது. வனிலா ஐஸ்கிரீம் மேல் ஊற்றிச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், தவறில்லை. அடுப்பில் வைத்துப் பாகாகச் சுண்டவைக்க மட்டும் முயலாதீர்கள். வறுவலின் கசப்பு செறிந்து வாயில் வைக்க முடியாமல் போகும். மறுநாள் மாலை லேபிளை மறந்துவிட்டு ஒரு மிடறு குடித்துப் பார்த்து, முந்தைய நாள் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணையும் குறித்துவையுங்கள்.